எடை மெஷின் ஹேங் ஆயிடுச்சா?

எடை குறைக்கிறதுல ஒரு வேடிக்கை இருக்கு. முதல் ரெண்டு மாசம் எதிர்ல வர்றவங்களை எல்லாம் நிறுத்தி அட்வைஸ் பண்ணுவோம். "சர்க்கரையை நிறுத்துங்க பாஸ், தானா இறங்கும்"னு. அஞ்சாவது மாசம் வாக்குல அதே ஆள் பேச்சையே மாத்துவான். காரணம் ரொம்ப சிம்பிள். மெஷின் நின்னுடும். அதே சாப்பாடு, அதே நடை, அதே வியர்வை... நம்பர் மட்டும் நகராது. இங்கிலீஷ்ல இதுக்குப் பேரு 'ப்ளாட்டோ'. அதாவது பீடபூமி. ஸ்கூல்ல தக்காண பீடபூமி படிச்சதோட மறந்துபோன வார்த்தை, இத்தனை வருஷம் கழிச்சு வந்து காலை வாருது :-)

என் கணக்கைச் சொல்லிடறேன். உயரம் 172 செ.மீ. ஜூன்ல 86 கிலோல ஆரம்பிச்சேன். அஞ்சு மாசத்துல 79.5. அதுக்கப்புறம் ஏழு வாரம், 79.2-க்கும் 80.1-க்கும் நடுவுல பரமபதம். ஏணி, பாம்பு, ஏணி, பாம்பு. நான் போக நினைச்ச இடம் 74.

நின்னு போச்சுன்னு வெளிய சொன்னதுதான் தாமதம், ஆளாளுக்கு மருந்து சொன்னாங்க. ஜிம் மாஸ்டர் "சோத்தைக் கட் பண்ணுங்க ஜி"ன்னார். டீம்ல ஒருத்தர் ராத்திரி சாப்பாடே வேணாம்னார். ஊர்ல இருந்து அத்தை போன்ல, "இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்கு கொள்ளுன்னு சும்மாவா சொன்னாங்க, கொள்ளு ரசம் வெச்சுக் குடிடா"ன்னாங்க. எல்லாம் நல்ல எண்ணத்துல சொன்னதுதான். ஆனா கவனிச்சீங்கன்னா எல்லா யோசனைக்கும் அடிப்படை ஒண்ணுதான்: இன்னும் கம்மியா சாப்பிடு, இன்னும் அதிகமா ஓடு.

பொட்டி தட்டுற பொழப்புல ஒரு விஷயம் கத்துக் குடுத்திருக்காங்க. ப்ரொடக்‌ஷன்ல ஏதாவது நின்னு போச்சுன்னா உடனே கோடுல கை வைக்கக் கூடாது. முதல்ல லாகைப் பாக்கணும். "நின்னு போச்சு"ங்கிறது அறிகுறி மட்டும்தான், அது பக் இல்ல. ஒரே அறிகுறிக்குப் பின்னால மூணு வேற வேற பக் இருக்கலாம். எடை விஷயத்துலயும் அப்படித்தான். அந்த மூணையும் வரிசையா பாப்போம்.

ஒண்ணு: நிஜமாவே நின்னுச்சா?

ஒரு கிலோ உடல் கொழுப்புல ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கு. ஞாயித்துக்கிழமை கல்யாண வீட்டுல ஒரு பிடி பிடிச்சுட்டு திங்கக்கிழமை காலைல ஏறி நின்னா ஒரு கிலோ கூடியிருக்கும். ஒரே நாள்ல தேவைக்கு மேல 7,700 கலோரியா சாப்பிட்டோம்? எந்த சமையல்காரராலயும் முடியாது. அப்ப அந்த ஒரு கிலோ என்ன? பெரும்பாலும் தண்ணி, மிச்சம் இன்னும் வயித்துல இருக்கிற சாப்பாடு. தசையிலயும் ஈரல்லயும் சேமிச்சு வைக்கிற கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமும் கூடவே சுமார் மூணு கிராம் தண்ணியைப் பிடிச்சு வைக்கும். அப்பளம், ஊறுகாய் உப்புக்குத் தனித் தண்ணி. புதுசா வெயிட் தூக்க ஆரம்பிச்சு உடம்பு வலிச்சா அதுக்கும் தண்ணி. பெண்களுக்கு மாதவிலக்குக் கணக்குல ஏறி இறங்குற தண்ணி வேற. அவங்க இந்த வாரத்தைப் போன வாரத்தோட ஒப்பிடறதை விட, போன மாசத்து அதே நாளோட ஒப்பிட்டாத்தான் நியாயம்.

அதாவது தினசரி ஆட்டம் ஒரு கிலோ. உண்மையான இறக்கம் வாரத்துக்கு 200, 300 கிராம். இரைச்சலுக்குள்ள சிக்னல் முங்கிப் போகுது.

இதுக்கு ஒரு இன்ஜினியர் ரொம்ப முன்னாடியே வழி சொல்லிட்டார். ஜான் வாக்கர். ஆட்டோடெஸ்க் கம்பெனியை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர். ஆட்டோகேட்ல கை வலிக்க கோடு போட்ட மெக்கானிக்கல், சிவில் நண்பர்கள் எழுந்து நின்னு ஒரு வணக்கம் போடவும். அவர் 1991-ல 'தி ஹேக்கர்ஸ் டயட்'னு ஒரு புத்தகம் எழுதினார். 2024-ல காலமாயிட்டார். உடம்பையும் ஒரு ஃபீட்பேக் சிஸ்டமா பாருங்கன்னு சொல்ற புத்தகம். அதுல இருக்கிற சூத்திரம் இவ்வளவுதான்: இன்னிக்கு எடையில இருந்து நேத்தைய 'போக்கு' எண்ணைக் கழிங்க, வர்றதைப் பத்தால வகுங்க, அதை நேத்தைய போக்கோட கூட்டுங்க. இதான் இன்னிக்குப் போக்கு. எக்செல்ல ஒரே ஒரு வரி. அதுக்கப்புறம் தினசரி எடையைப் பத்தி சந்தோஷமும் படாதீங்க, துக்கமும் படாதீங்க. போக்கு எண்ணை மட்டும் பாருங்க.

நான் போட்டுப் பாத்தேன். என் ஏழு வாரத்துல முதல் மூணு வாரம் போலி. போக்கு மெதுவா இறங்கிட்டுத்தான் இருந்திருக்கு. கடைசி நாலு வாரம்தான் நிஜமாவே தட்டை. ஆகவே மக்களே, மூணு நாலு வாரம் போக்கு எண்ணே தட்டையா இருந்தா மட்டும் அடுத்த பத்திக்கு வாங்க. இல்லன்னா போய் நிம்மதியா தூங்குங்க.

ரெண்டு: எங்கேயாவது ஒழுகுதா?

1992-ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல ஒரு ஆய்வு வந்தது. "1,200 கலோரிக்குக் கீழதான் சாப்பிடறேன், ஆனாலும் இறங்கல"ன்னு சொன்னவங்களைக் கூட்டி வந்து, அவங்க உடம்பு நிஜமா எவ்வளவு எரிக்குதுன்னு அளந்தாங்க. மெட்டபாலிசத்துல கோளாறே இல்ல. சாப்பிட்டதை சராசரியா 47 சதவீதம் குறைச்சும், உடற்பயிற்சியை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தாங்க. இதைப் படிச்சுட்டு "பாத்தியா, எல்லாம் பொய்யி"ன்னு கிளம்பக் கூடாது. கண்ணால கலோரியை அளக்கற திறமை மனுஷனுக்கு இல்லங்கிறதுதான் பாடம்.

அதுலயும் நம்ம சமையல் இருக்கே! ஒரு பாக்கெட் ரொட்டின்னா பின்னாடி எண் போட்டிருக்கும். கத்திரிக்காய் பொரியலுக்குப் பின்னாடி என்ன போட்டிருக்கு? அக்கா கரண்டியைச் சாய்ச்ச கோணம்தான் எண். எண்ணெய் கிராமுக்கு 9 கலோரி. ஒரு டேபிள் ஸ்பூன் கூடப் போனா 120.

இதை அளக்க நான் கண்டுபிடிச்ச வழி தராசு இல்ல, பேனா. எண்ணெய் பாக்கெட்டைப் பிரிக்கிற அன்னிக்கு அது மேல தேதி எழுதி வைங்க. அவ்வளவுதான். எங்க வீட்டுல நாங்க மூணு பேர். சமைக்க ஒரு அக்கா வர்றாங்க. ஒரு லிட்டர் எண்ணெய்னா சுமார் 910 கிராம், 8,190 கலோரி. மழைக்கு முன்னாடி ஒரு பாக்கெட் 12 நாள் வந்தது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 227 கலோரி. நவம்பர்ல அதே பாக்கெட் 9 நாள். ஆளுக்கு 303. வித்தியாசம் 76 கலோரி. யாரும் எதையும் மறைக்கல, யாரும் கூடுதலா ஒரு வாய் சாப்பிட்ட மாதிரியும் தெரியல. மழைன்னா சாயங்காலம் பஜ்ஜி வாசனை வரும், அவ்வளவுதானே!

அடுத்தது நடை. வடகிழக்குப் பருவமழை ஆரம்பிச்சா ஓஎம்ஆர் சர்வீஸ் ரோட்டுல நடக்க செருப்பு போதாது, துடுப்பு வேணும். போன்ல பாத்தேன். 9,000 காலடி சராசரி 5,000 ஆயிருக்கு. ஜிம் அதே ஒரு மணி நேரம்தான். ஆனா மீதி 23 மணி நேரத்துல 4,000 காலடி காணாமப் போச்சு. என் எடைக்கு அது தோராயமா 125 கலோரி.

மூணு: கணக்கே முடிஞ்சு போச்சா?

இதுதான் யாரும் சொல்லித் தராத பகுதி. கொஞ்சம் பொறுமையா படிங்க.

"3,500 கலோரி குறைச்சா ஒரு பவுண்டு குறையும்"னு எல்லா இடத்துலயும் பாத்திருப்பீங்க. இதோட வேர் 1958-ல மேக்ஸ் விஷ்னாஃப்ஸ்கின்னு ஒரு டாக்டர் எழுதின கட்டுரை. கொழுப்புல எவ்வளவு சக்தி இருக்குங்கிற வரைக்கும் அது சரி. ஆனா அதை நீட்டி வருஷக் கணக்கா போட்டா காமெடி ஆயிடும். உதாரணமா தினம் ரெண்டு இட்லியைக் குறைக்கிறோம்னு வைங்க, சுமார் 120 கலோரி. வருஷத்துக்கு 43,800 கலோரி, 5.7 கிலோ. பத்து வருஷத்துல 57 கிலோ. அதாவது 86 கிலோ ஆசாமி ரெண்டே ரெண்டு இட்லியை விட்டதுக்காக 29 கிலோ ஆயிடுவார். பதினஞ்சாவது வருஷம் காத்தோட கரைஞ்சிடுவார்!

நிஜத்துல அப்படி நடக்காததுக்குக் காரணம், எடை இறங்க இறங்க உடம்போட செலவும் இறங்கும். சின்ன உடம்பைத் தூக்கிட்டு நடக்க சின்னச் செலவு போதும். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்துல இருந்த கெவின் ஹால் குழு 2011-ல லான்செட்ல ஒரு கணக்கு வெளியிட்டாங்க. தினம் நிரந்தரமா சுமார் 24 கலோரி குறைச்சா, கடைசியா ஒரு கிலோ குறையும். அதுல பாதி குறையவே ஒரு வருஷம், 95 சதவீதம் குறைய மூணு வருஷம். அதுக்கு மேல குறையாது. ரெண்டு இட்லிக்கு அஞ்சு கிலோ, முற்றும். சுபம்.

அப்ப ஏன் மூணு வருஷத்துல நிக்க வேண்டியது அஞ்சு, ஆறு மாசத்துலயே நிக்குது? இதுக்கும் அதே ஹால் குழு 2016-ல ஒரு விடை சொன்னாங்க. சிறுநீர் வழியா சர்க்கரையை வெளியேத்துற ஒரு நீரிழிவு மாத்திரை இருக்கு. அதைச் சாப்பிடறவங்களுக்கு தினம் சுமார் 360 கலோரி அவங்களுக்கே தெரியாம வெளிய போகுது. டயட்ல இருக்கிற நினைப்பே இல்ல, மன உறுதி பிரச்சினையும் இல்ல. அவங்க எடைப் போக்கை வெச்சுக் கணக்குப் போட்டதுல தெரிஞ்சது: ஒரு கிலோ குறைஞ்சா உடம்போட செலவு 20-30 கலோரி குறையுது, ஆனா பசி 100 கலோரி கூடுது. மெட்டபாலிசத்தை விட பசி மூணு மடங்குக்கு மேல பலசாலி.

என் 6.5 கிலோவுக்குப் போட்டுப் பாருங்க. செலவுல சுமார் 160 கலோரி குறைஞ்சாச்சு. ஆரம்பத்துல நான் வெச்ச பள்ளம் 400 கலோரி. 160 போச்சு, எண்ணெய் 76 போச்சு, நடை 125 போச்சு. மிச்சம் 39. மாசத்துக்கு 150 கிராம். அதைக் காட்ட என் மெஷினுக்கு வக்கில்ல. மர்மம் ஒண்ணும் இல்ல, கூட்டல் கழித்தல்தான். இது போதாதுன்னு 650 கலோரி கூடுதல் பசி பின்னாடி இருந்து சட்டையைப் பிடிச்சு இழுக்குது. நான் தோத்துட்டு இருக்கல, தினம் 650 கலோரி காத்துக்கு எதிரா சைக்கிள் மிதிச்சு அதே இடத்துல நின்னுட்டு இருந்திருக்கேன்.

"மன உறுதி இல்லாதவன்தான் நிப்பான்"னு யாராவது சொன்னா இதைச் சொல்லுங்க: 2021-ல வந்த செமாக்ளூடைட் ஊசி ஆய்வுல சராசரியா 14.9 சதவீதம் எடை குறைஞ்சது. அந்த வரைபடமும் அறுபதாவது வாரம் வாக்குல தட்டையாயிடுது. ஊசிக்கும் பீடபூமி உண்டு சாமி.

நிற்க. இந்த நிலைமையில "இன்னும் கம்மியா சாப்பிடு"ன்னா என்ன ஆகும்? 1944-45-ல மின்னசோட்டால ஆன்சல் கீஸ் 36 ஆரோக்கியமான இளைஞர்களை 24 வாரம் அரைப் பட்டினி போட்டுப் பாத்தார். எடை கால்வாசி போச்சு. கூடவே கலகலப்பும் போச்சு. சாப்பாட்டைத் தவிர வேற பேச்சே இல்லாம, சமையல் புத்தகத்தைக் கதைப் புத்தகம் மாதிரி படிச்சிட்டு இருந்தாங்க. கால்ல நீர் கோத்து வீங்கிச்சு. ரேஷன் கட்டுப்பாடு முடிஞ்சு சோறு கிடைச்சப்ப வயிறு நிறைஞ்சும் நிறுத்த முடியாம சாப்பிட்டவங்க இருந்தாங்க. ராத்திரி சோத்தை நிறுத்தினா நான் பொங்கலுக்கு ஊருக்குப் போனதும் என்ன நடக்கும்னு கற்பனை பண்ண பெரிய மூளை தேவையில்ல.

சரி, எதுக்காக இந்தக் கிலோ?

அப்பாவுக்கு 41 வயசுல சர்க்கரை வந்தது. 2019-ல வலது கால் கட்டை விரலை எடுக்க வேண்டியதாச்சு. செருப்பு கடிச்ச சின்னக் கொப்புளம்தான். அவருக்கு வலிக்கவே இல்ல. அதான் பிரச்சினையே. நரம்பு செத்துப் போனதால, புண்ணு உள்ள போன பிறகுதான் அம்மா வாசனையை வெச்சுக் கண்டுபிடிச்சாங்க. போன மே மாசம் ஆபீஸ் மெடிக்கல் செக்கப்புல எனக்கு ஹெச்பிஏ1சி 6.1. 5.7-ல இருந்து 6.4 வரைக்கும் சர்க்கரைக்கு முந்தின வாசப்படி. எனக்கு 28 வயசு. 41-க்கு இன்னும் 13 வருஷம்தான் இருக்கு.

ஏழாவது வாரம் போன்ல அப்பாகிட்ட, "74-க்கு வரவே மாட்டேங்குதுப்பா"ன்னு புலம்பினேன். அவர், "ஏம்ப்பா, நீ ஆரம்பிச்சது கிலோவுக்கா, சுகருக்கா?"ன்னு கேட்டார். பதில் சொல்ல வரல.

அப்புறம் தேடினதுல கிடைச்சது நம்ம ஊர் ஆய்வு. சென்னைல டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்தின இந்திய நீரிழிவு தடுப்பு ஆய்வு, 2006-ல வெளிவந்தது. சர்க்கரை வாசப்படில நின்ன 531 பேர். சாப்பாட்டு முறையையும் நடையையும் மாத்தினவங்களுக்கு, ஒண்ணும் செய்யாதவங்களை விட சர்க்கரை வர்றது 28.5 சதவீதம் குறைஞ்சது. இதுல விசேஷம் என்னன்னா, அவங்க எடை பெருசா குறையவே இல்ல! மெஷின் நின்ன இடத்துலயே நின்னிருக்கு. உள்ளே உடம்பு மாறியிருக்கு.

மெஷினுக்குத் தெரியாதது இன்னும் இருக்கு. 2004-ல லான்செட்ல புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் சேந்து போட்டோ எடுத்துப் போட்டாங்க. ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ 22.3. உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஒரே எண், வேற உடம்பு. நமக்குக் கிலோவை விட இடுப்பு முக்கியம். இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லைக்கோடு. டைலர் டேப் முப்பது ரூபா கூட இல்ல. எனக்கு 101-ல இருந்து 94 ஆயிருந்தது. அந்தத் தட்டையான நாலு வாரத்துலயும் 94, 93 ஆச்சு.

கடைசில நான் எடுத்த முடிவு இதான். சோறு இருக்கட்டும், ராத்திரி சாப்பாடும் இருக்கட்டும். எண்ணெய் பாக்கெட்டுல தேதி எழுதறது தொடருது, அக்காவே இப்ப "தம்பி, இந்த தடவை 13 நாள்"னு பெருமையா சொல்றாங்க. மழை நாள்ல ஆபீஸ் படிக்கட்டுதான் வாக்கிங் ட்ராக். வாரம் மூணு நாள் வெயிட். ஏப்ரல் வரைக்கும் 79-லயே நிக்கிறதுன்னு முடிவு. குறைக்கிற திட்டம் இல்ல, ஏறாம பிடிச்சு வைக்கிறது மட்டும்தான் வேலை. இந்த 650 கலோரி காத்துல சிரிச்சுக்கிட்டு நிக்கப் பழகணும். அது முடிஞ்சாத்தான் அடுத்த அஞ்சு கிலோவைப் பத்திப் பேச்சு. முடியலன்னா 79-தான் என் எடைன்னு ஒத்துக்கறதுல எனக்கு வெக்கமில்ல.

ஏன்னா எடை நிக்கிற இடம் நம்ம மன உறுதிக்கான மார்க் இல்ல. இப்ப வாழுற வாழ்க்கைக்கு உடம்பு போட்டுக் குடுத்த விடை. விடை பிடிக்கலன்னா வாழ்க்கையில எதையாவது நிரந்தரமா மாத்தணும். மூணு மாசத்துக்கு மட்டும் மாத்தினா விடையும் மூணு மாசத்துக்குத்தான்.

ஜனவரி ரிசல்ட்: எடை 79.3. ஹெச்பிஏ1சி 5.7. ஜெயிச்சாச்சுன்னு சொல்ல மாட்டேன், கால் இன்னும் வாசப்படி மேலதான் இருக்கு. ஆனா திரும்பி நிக்குது, வெளிய பாத்து.

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல, பொட்டி தட்டுறவன். தைராய்டு இருந்தாலோ, ஸ்டீராய்டு மாதிரி மாத்திரை எடுத்தாலோ எடை நிக்கிறதுக்குக் காரணம் வேறயா இருக்கலாம். அதுக்கு எக்செல் பத்தாது, டாக்டரைப் பாருங்க. மத்தவங்க போய் எண்ணெய் பாக்கெட்டுல தேதி எழுதிட்டு வாங்க, அப்புறம் பேசலாம் :-)